டோரத்தி அம்மாளின் மேசை விரிப்பு

ஆரணி கொசப்பாளையத்தில் ஸ்வர்ணலதா வீடு எது என்று கேட்டால் நாலு பேர் யோசிப்பார்கள். கிராஃப் லதா வீடு என்றால் சின்னப் பிள்ளைகூடக் கை காட்டும். சேலைக் கரையில் ஓடுகிற மயிலோ மாங்காயோ தறிக்குப் போவதற்கு முன்னால் கட்டம் போட்ட தாளில் புள்ளி புள்ளியாக ஏற வேண்டும். அந்தத் தாளைப் பார்த்து அட்டை குத்துவார்கள். அட்டையில் ஓட்டை இருக்கிற இடத்தில் நூல் எழும்பும், இல்லாத இடத்தில் படுத்துக்கொள்ளும். பன்னிரண்டாவது முடித்த கையோடு, தொண்ணூற்றிரண்டில், அவள் அந்த வேலையில் உட்கார்ந்தாள். பத்து வருஷத்தில் அவள் கண் வேறு மாதிரி ஆகிவிட்டது. பஸ்ஸில் முன் சீட்டில் இருப்பவளின் முதுகைப் பார்த்தே பாவு என்ன நூல், ஊடை என்ன நூல் என்று சொல்லிவிடுவாள். எந்தத் துணியையும் அவளால் வெறும் துணியாகப் பார்க்க முடியாமல் போயிற்று.

அவளுடைய அப்பா சடையப்பன் கந்தசாமி முதலாளியிடம் கூலிக்கு நெய்தவர். முதலாளி பட்டும் ஜரிகையும் கொடுப்பார், இவர் சேலையாக்கிக் கொண்டுபோய்க் கொடுப்பார். பள்ளிக்கூட நாட்களில் லதாவும் கூடப் போவாள். கந்தசாமி சேலையை வெள்ளை விரிப்பின் மேல் உதறிப் போட்டு, முந்தியைத் தடவி, முதலில் பாராட்டுவார்.

"அழகாத்தான் கீது சடையப்பா. கை சுத்தம்னா உன் கைதான். ஆனா இத்தப் பாரு. நடுவுல சாயம் மாறிக்கீது. ஓரத்துல ஒரு இழை தளர்ந்துகீது. நான் இன்னா பண்ணட்டும், நீயே சொல்லு."

கூலியில் ஒரு பங்கு குறையும். ஒருமுறை அப்படிக் குறை சொல்லி வாங்கிய சேலையையே அடுத்த வாரம் கடையின் கண்ணாடிக்குப் பின்னால் முதல் தரம் என்று சீட்டுக் குத்தித் தொங்கவிட்டிருந்ததை லதா பார்த்தாள். வீட்டுக்கு ஓடிவந்து சொன்னாள். "சொன்னதுல பொய் ஒண்ணும் இல்ல. சாயம் மாறித்தான் இருந்துச்சு" என்று அப்பா தறிக்குழியில் இறங்கிவிட்டார். அவளுக்கு அன்றைக்கு வந்த ஆத்திரம் ரொம்ப நாள் தணியவில்லை.

இரண்டாயிரத்து இரண்டில் அவள் வேலை பார்த்த கடைக்குக் கம்ப்யூட்டர் வந்தது. புது டிசைன் தேட அவளை பிரவுசிங் சென்டருக்கு அனுப்பினார்கள். மார்க்கெட் ரோட்டில் மாடியில் ஆறு கம்ப்யூட்டர், ஒரு ஃபேன். அங்கேதான் ஒரு நாள் அவள் அந்த ஏலத் தளத்துக்குள் போய் விழுந்தாள். உலகத்தில் யார் வேண்டுமானாலும் வீட்டில் கிடக்கிற சாமானைப் போட்டோ பிடித்துப் போடலாம். ஒரு வாரத்துக்குள் யார் அதிக விலை கேட்கிறார்களோ அவர்களுக்குச் சாமான். நம் ஊர்ப் பழைய பட்டுச் சேலைகளைச் சீமையில் கர்ட்டன் என்று போட்டு விற்பதைப் பார்த்து அவள் முதலில் சிரித்தாள். அந்தச் சேலைகளின் கரையைப் பெரிதாக்கிப் பார்த்துக் கிராஃப் எடுத்துக்கொண்டாள். அதற்குத்தான் போனது.

ஆனால் கண் சும்மா இருக்குமா? ஒரு நாள் 'மிதியடி, இரண்டு' என்று பெயர் போட்டு ஒரு பழுப்புத் துணி. பனை நாரில் நெய்து, மேலே வெல்வெட்டு மாதிரி வெட்டிவிட்டு, கோணல் கோணலாகக் கட்டம் போட்டிருந்தது. அப்படிக் கோணலாகப் போட எவ்வளவு கணக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று அவளுக்குத்தான் தெரியும். தேடிப் பார்த்தாள். அமெரிக்காவில் ஒரு மியூசியத்தில் அதே மாதிரித் துணி கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது. ஆப்பிரிக்காவில் காங்கோ நாட்டு வேலை.

லண்டனில் ஈஸ்ட் ஹாமில் ஒரு ஜவுளிக்கடையில் அவள் தம்பி தனசேகரன் வேலை செய்துகொண்டிருந்தான். போன் போட்டாள்.

"தனா, உன் கார்டுல ஏழு பவுண்டு போட்டு ஒரு சாமான் எடு."

"இன்னாக்கா சாமான்?"

"மிதியடி."

"இங்க ஒரு பவுண்டுக்கு விக்கிதுக்கா!"

"சொல்றத கேளுடா."

அவன் வாங்கினான். அதே தளத்தில் சரியான பெயர் போட்டு அவனே விற்றான். தொண்ணூறு பவுண்டுக்குப் போயிற்று. அன்று முதல் அவனே வாரத்துக்கு இரண்டு முறை கூப்பிட ஆரம்பித்தான்.

லதா ஒரு வித்தை கற்றுக்கொண்டாள். ஆப்பிரிக்கா என்று எழுதியிருந்தால் பார்ப்பதில்லை. தெரிந்தவன் விலை தெரிந்துதான் போட்டிருப்பான். தெரியாதவர்கள் வைக்கிற பெயர்களில்தான் தேடினாள்: பழைய போர்வை, மெக்சிகோ விரிப்பு, கோடு போட்ட கர்ட்டன். நைஜீரியாவின் அவுரிச் சாயத் துணி ஒன்று, மாலி நாட்டுக் கம்பளி ஒன்று என்று ஒன்றரை வருஷத்தில் ஏழெட்டு உருப்படி. விற்றவர்கள் யார், எவர் என்று அவள் நினைத்ததே இல்லை. திரையில் அவர்கள் வெறும் எழுத்தும் எண்ணும்தான்.

இரண்டாயிரத்து நாலு தை மாதம். 'பெரிய பழைய மேசை விரிப்பு. இந்தியா? கொஞ்சம் அடிபட்டது' என்று ஒரு விளம்பரம். துணியைக் கொடியில் போட்டு வெயிலில் படம் எடுத்திருந்தார்கள். அதைப் பார்த்ததும் லதா படத்தைப் பெரிதாக்கினாள். நாலங்குல அகலப் பட்டைகள், இருபத்து நாலு. ஒவ்வொன்றையும் தனித்தனியாக நெய்து பக்கம் பக்கமாகத் தைத்திருந்தது. கருஞ்சிவப்பு, மஞ்சள், பச்சை. பட்டைக்குப் பட்டை கட்டங்கள் மாறி மாறி வந்து, தைத்து முடித்த பிறகு ஒன்றோடொன்று பிசகாமல் பொருந்தியிருந்தன. கானா நாட்டுக் கென்டே துணி. அந்த ஊர் ராஜாக்களுக்கு நெய்தவர்கள், கப்பலில் வந்த வெளிநாட்டுப் பட்டை இழை இழையாகப் பிரித்து மறுபடி நெய்தார்கள் என்று அவள் படித்திருந்தாள். அப்படிப்பட்ட பழைய பட்டுத் துணி லண்டன் ஏலக் கடைகளில் ஆயிரக்கணக்கில் போகும்.

நடுவில் ஒரு பட்டையில் மட்டும் மஞ்சள் கொஞ்சம் வெளிறியிருந்தது. நெய்தவனுக்குப் பாதியில் நூல் தீர்ந்து, வேறு சாயத்து நூல் போட்டிருக்கிறான்.

பருத்தியா பட்டா என்று மட்டும் படத்தில் தெரியவில்லை. தம்பியின் கணக்கிலிருந்தே விற்பவருக்கு எழுதினாள். ஓரத்தில் தொங்குகிற நூல் ஒன்றை வெட்டி நெருப்பில் காட்டுங்கள், என்ன வாசனை வருகிறது என்று சொல்லுங்கள். 'ஆரணி, பட்டு நெய்கிற ஊர், இந்தியா' என்று கீழே போட்டாள்.

மறுநாளே பதில் வந்தது. விற்பவர் பெயர் டோரத்தி ஹாலம். எழுபத்தெட்டு வயது. நூலகத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டியிருந்தாள்.

'சமையலறையில் எரித்துப் பார்த்தேன். முடி கருகிய வாசனை. சின்ன வயதில் சூட்டுக் கம்பியில் முடியைச் சுருட்டிக்கொள்ளும்போது நெற்றி முடி கருகுமே, அதே நாற்றம். இது நல்லதா கெட்டதா? ஐம்பது வருஷமாக இதன் மேல் தேநீர் வைத்துக் குடித்திருக்கிறேன், ஒருவரும் இப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை. உங்களுக்குத் துணி தெரிகிறது. இதற்கு ஏதாவது மதிப்பு உண்டா? யாரைக் கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை. நீங்கள் சொன்னால் சரி.'

முடி கருகிய வாசனை என்றால் பட்டு.

லதா கீபோர்டின் மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அரை மணிக்குப் பதினைந்து ரூபாய். மணி ஓடிக்கொண்டிருந்தது. பிறகு எழுதினாள். 'கம்பளி நூலை எரித்தாலும் அந்த வாசனைதான் வரும். துணி அழகாக இருக்கிறது. ஆனால் நடுவில் ஒரு பட்டையில் சாயம் மாறியிருக்கிறது. ஓரத்தில் பூச்சி அரித்திருக்கிறது. டிசைனுக்காக எனக்கு வேண்டும்.'

ஒரு வரிகூடப் பொய் இல்லை. கம்பளியும் அப்படித்தான் நாறும். சாயம் மாறித்தான் இருந்தது. அனுப்பிவிட்டுப் படி இறங்கும்போதுதான் அது யாருடைய பேச்சு என்று அவளுக்கு உறைத்தது. முதலில் அழகு என்று சொல்லி, பிறகு நடுவில் சாயம் மாறியிருக்கிறது என்று தொட்டுக் காட்டி… கந்தசாமி முதலாளியின் வெள்ளை விரிப்பு அவள் கண் முன்னால் வந்தது. திரும்பி மேலே போய் இன்னொரு வரி எழுதியிருக்கலாம். காசு இன்னும் கையில் இருந்தது. ஏலம் முடிய நாலு நாளும் இருந்தது. போகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் இருபத்திரண்டு பவுண்டுக்குத் துணி தனசேகரனுக்கு விழுந்தது.

ஆனி மாதம் லண்டனில் ஒரு பெரிய ஏலக் கடையில் அது மூவாயிரத்து நானூறு பவுண்டுக்குப் போயிற்று. தனசேகரன் போனில் கத்தினான். "அக்கா! நம்மள இன்னும் இங்க உக்கார வெச்சி டீ குடுத்துகினு கீறாங்கோ!"

அவள் பங்காக இரண்டு லட்சத்துச் சொச்சம் வந்தது. அவள் புருஷன் தீனா ஒரு பட்டுக்கடையில் கணக்கெழுதிக்கொண்டிருந்தான். இரண்டு பேருமாக யோசித்து, சொந்தமாகக் கம்ப்யூட்டரும் ஸ்கேனரும் வாங்கி, பழைய பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் 'லதா டிசைன்ஸ்' என்று போர்டு மாட்டினார்கள். திறப்பு நாளன்று அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். கிழவி கேட்டதையும் தான் பதில் எழுதியதையும்கூடச் சொன்னாள். அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்திருந்தாள் போல. சடையப்பன் விழுந்து விழுந்து சிரித்தார்.

"கந்தசாமிய மிஞ்சிட்டியே மா! நாப்பது வருசம் அவன்கிட்ட குனிஞ்சதுக்கு எம் பொண்ணு வட்டியோட வாங்கிட்டா."

"அந்தம்மா கந்தசாமி இல்லப்பா."

"யாரா இருந்தா இன்னா? வியாபாரம் பழகிக்கின. அவ்ளோதான்" என்று அவள் தலையைத் தொட்டுப் பெருமையாகத் தடவினார். அந்தக் கை பட்டதும் அவளுக்கு உடம்பு கூசிற்று.

இதோடு போயிருந்தால் காலப்போக்கில் மறந்துகூடப் போயிருப்பாள். ஆனால் துணியை அனுப்பிய பார்சலுக்குள் டோரத்தி ஒரு சீட்டு வைத்திருந்தாள். ஆரணியில் இருக்கிற பெண்ணின் விலாசம் வேண்டும், நெசவைப் பற்றி அவளிடம் கேட்க நிறைய இருக்கிறது என்று எழுதியிருந்தாள். தனசேகரன் அதைத் தபாலில் அனுப்பி வைத்தான். பதில் போடாவிட்டால் சந்தேகப்படுவாளோ என்று பயந்து லதா பதில் போட்டாள். அப்படித்தான் கடிதப் போக்குவரத்து தொடங்கியது.

டோரத்தி இங்கிலாந்தின் கிழக்குக் கரையில் ஒரு சின்ன ஊரில் தனியாக இருந்தாள். புருஷன் ஹாரல்ட், கல்யாணத்துக்கு முன்னால் கானாவில் ரோடு அளக்கும் வேலையில் இருந்தவர். ஊர் திரும்பும் வழியில் கப்பலில் யாரிடமோ வாங்கிய இந்தியத் துணி என்றுதான் அவளிடம் சொல்லியிருந்தார். அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். முழங்கால் வலியால் மாடி ஏற முடியாமல் ஒரு சின்ன ஃபிளாட்டுக்கு மாறப்போகிறாள். அதனால்தான் சாமான்களை விற்கிறாள். எல்லாவற்றையும் எழுதினாள். அட்டையில் ஓட்டை குத்தினால் நூல் எப்படி எழும்பும் என்று கேட்டாள். லதா மூன்று பக்கம் படம் வரைந்து அனுப்பினாள். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதினாலும், அவ்வளவு பொறுமையாகத் தன் வேலையைப் பற்றி யாரிடமும் அவள் பேசியதில்லை. அப்படி யாரும் கேட்டதும் இல்லை. அந்தக் கடிதங்கள் வந்தால் அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. அது சத்தியம். அதனால்தான் இன்னும் மோசமாக இருந்தது.

ஒவ்வொரு கடிதத்தின் கடைசியிலும் ஒரு கேள்வி இருக்கும். 'துணியை எங்கே வைத்திருக்கிறீர்கள்?'

முதல் தடவை எழுதினாள்: 'காய்ந்த வேப்பிலை போட்டு பீரோவில் வைத்திருக்கிறேன்.' அடுத்த தடவை: 'மழைக்காலம், அதனால் வெளியே எடுப்பதில்லை.' அதற்கடுத்து டோரத்தி ஒரு போட்டோ கேட்டாள். கேமரா ரிப்பேர் என்று எழுதினாள். ஏலத்தின்போது எழுதியதிலாவது பொய் இல்லை என்று சொல்லிக்கொள்ளலாம். இப்போது எழுதுவதெல்லாம் சுத்தப் பொய். தீனா கேட்பான். "சீமை லெட்டர்ல இன்னா எழுதிக்கீறாங்க?" "குளிராம்" என்பாள்.

இரண்டாயிரத்து ஆறில், பொங்கல் முடிந்து மூன்றாம் நாள், ஒரு பார்சல் வந்தது. கடையில் வைத்துத்தான் பிரித்தாள். உள்ளே இன்னொரு கென்டே. முதலாவதைவிடச் சின்னது, நீலமும் கருஞ்சிவப்புமாக, அதைவிட நுணுக்கமானது. கையில் எடுத்ததுமே பட்டு என்று தெரிந்தது. முதல் துணியை அவள் கையால் தொட்டதே இல்லை. லண்டனிலேயே வந்து லண்டனிலேயே போய்விட்டது. இதுதான் அவள் தொட்ட முதல் கென்டே. பின்பக்கத்தைத் திருப்பினாள். முடிச்சு ஒன்றுகூட வெளியே தெரியவில்லை. இதை நெய்தவன் அவள் அப்பாவைவிடக் கெட்டிக்காரன்.

கூட ஒரு கடிதம்.

'ஒருவழியாக வீடு மாறுகிறேன். ஆள் வைத்துப் பரணைக் காலி செய்தபோது ஹாரல்டின் பெட்டிக்குள் இது இருந்தது. அவருடைய பழைய நாட்குறிப்பும் இருந்தது. கப்பலில் வாங்கியது என்று என்னிடம் சொன்னது உண்மை இல்லை. அவருக்குக் கீழே மென்சா என்று ஒரு குமாஸ்தா இருந்திருக்கிறார். மனைவியை ஆஸ்பத்திரியில் சேர்க்கத் தன் தாத்தா நெய்த இரண்டு துணிகளையும் கொண்டுவந்து இருபது பவுண்டு கேட்டிருக்கிறார். ஹாரல்ட் நாலு பவுண்டு கொடுத்திருக்கிறார். "அதிகம் கொடுத்திருக்க வேண்டும்" என்று அடியில் எழுதி வைத்திருக்கிறார். அவர் நல்ல மனிதர் என்றுதான் நினைத்திருந்தேன், இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன், ஆனால் ஒரு வாரமாக அவர் படத்தைப் பார்க்க முடியவில்லை. மென்சாவின் குடும்பத்தை எங்கே தேடுவது? எனக்கு ஒரே ஆறுதல், முதல் துணி நெய்கிறவர்கள் வீட்டுக்கே போய்ச் சேர்ந்தது. அதை நீங்கள் நன்றாகப் பார்த்துக்கொள்கிறீர்கள். இரண்டும் ஒரே பெட்டியில் இருந்தவை. பிரிந்து இருக்க வேண்டாம். இதையும் அதன் பக்கத்தில் வையுங்கள்.'

லதா கடையை மத்தியானமே பூட்டிவிட்டாள்.

தீனா சாப்பிட வீட்டுக்கு வந்தபோது துணி கட்டிலில் விரித்துக் கிடந்தது. அவள் தரையில் உட்கார்ந்திருந்தாள்.

"இன்னா இது? மறுபடியும் வாங்கினியா?"

"வாங்கல. குடுத்துக்கீறாங்க. சும்மா."

"சும்மாவா? யாரு?"

அப்போதுதான் முதல் தடவையாக அவனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். விலை அதிகம் என்று தெரியாமல் ஒருத்தி விற்றாள், நாம் வாங்கினோம் என்பது மட்டும்தான் அவனுக்குத் தெரியும். எரித்துப் பார்க்கச் சொன்னது, வேப்பிலை, ரிப்பேரான கேமரா, ஒன்றும் தெரியாது. அவன் கை கழுவாமல் நின்றபடியே கேட்டான்.

"அந்தம்மா உன்ன மதிப்பு உண்டான்னு கேட்டாங்களா?"

"கேட்டாங்க."

"நீ இன்னா சொன்ன?"

"கம்பளியும் அப்டித்தான் நாறும்னு சொன்னேன்."

தீனா கட்டில் ஓரத்தில், துணியின் மேல் படாமல், உட்கார்ந்தான்.

"கேக்காம இருந்திருந்தா வியாபாரம்னு உடலாம். கேட்டுட்டாங்களே லதா."

"ஆமா."

"அப்ப சொல்லித்தான் ஆவணும். பணம் கேட்டா கொஞ்சம் கொஞ்சமா குடுப்போம். கட வந்த மாதிரி போவட்டும்."

தனசேகரன் அவ்வளவு சுலபத்தில் ஒத்துக்கொள்ளவில்லை. "உனக்குப் பைத்தியமாக்கா? இங்க எல்லாரும் இத்தத்தான் பண்ணிகினு கீறாங்கோ. வெள்ளக்காரன் நம்மகிட்ட அட்சிகினு போனதுக்கு யாருனா லெட்டர் எழுதினானா?"

"எழுதல. அந்தம்மா எழுதிக்கீறாங்களே."

"என் பங்குல ஒரு பவுண்டு தர மாட்டேன், சொல்லிட்டேன்."

"உன்ன கேக்கலடா."

கடிதம் எழுதி முடிக்கப் பத்து நாளானது. மன்னிப்புக் கேட்கிற வாக்கியத்தை முதலில் போட்டாள். அது தனக்கு வசதியாக இருக்கிறது என்று தோன்றி அடித்துவிட்டு, நடந்ததை வரிசையாக எழுதினாள். அது பட்டு என்று எனக்கு அன்றைக்கே தெரியும். உங்கள் துணி என் வீட்டில் ஒரு நாளும் இருந்ததில்லை. இன்ன விலைக்கு விற்றோம். அந்தப் பணத்தில்தான் என் கடை நடக்கிறது. இந்த இரண்டாவது துணி அதைவிட அதிகம் போகும், இன்ன இடத்தில் கொண்டுபோய்க் காட்டுங்கள், எரித்துப் பார் என்று யாராவது சொன்னால் விலையை அவர்களையே முதலில் சொல்லச் சொல்லுங்கள். என் பங்கை ஆறு மாதத்துக்கு ஒரு தடவை அனுப்புகிறேன். மன்னிப்பைக் கடைசியில் ஒரு வரியாக வைத்தாள். துணியை மெல்லிய மல் துணியில் சுற்றி, ரிஜிஸ்டர் பார்சலில் திருப்பி அனுப்பினாள்.

மாசி போயிற்று, பங்குனி போயிற்று. சித்திரைக் கடைசியில் பதில் வந்தது. எப்போதும் நாலைந்து பக்கம் இருக்கும். இது ஒரு பக்கம்கூட இல்லை.

'துணி பத்திரமாக வந்தது. நீங்கள் சொன்ன இடத்தில் காட்டினேன், நீங்கள் சொன்னது சரிதான். வந்ததில் பாதியை ஹாரல்ட் வேலை பார்த்த ஊரில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினேன். மென்சாவின் குடும்பம் கிடைக்கவில்லை. உங்கள் பணம் எனக்கு வேண்டாம். உங்களுக்குக் கடை தேவைப்பட்டது, எனக்கு அது புரிகிறது. விலையை மறைத்ததைக்கூட நான் மறந்துவிடுவேன் என்று நினைக்கிறேன். இரண்டு வருஷக் கடிதங்களைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. எனக்கு இந்தியாவில் ஒரு தோழி இருக்கிறாள், அவள் பீரோவில் என் துணி இருக்கிறது என்று இங்கே எல்லோரிடமும் சொல்லியிருந்தேன். இனி எழுத வேண்டாம். டோரத்தி ஹாலம்.'

லதா அதை எத்தனை தடவை படித்தாள் என்று கணக்கில்லை. திட்டியிருந்தால் தேவலை. பணத்தை வாங்கிக்கொண்டிருந்தாலாவது தேவலை. பள்ளிக்கூடத்தின் பெயரையாவது எழுதியிருந்தால் அங்கே அனுப்பியிருப்பாள். தீனா யோசனை சொன்னான், தனசேகரன் மூலமாக ஒரு ஆளைப் பணத்தோடு நேரில் அனுப்பலாமா என்று. "வேணாம்னு எழுதிட்டாங்க. அதுலயும் நாம ஏமாத்தணுமா?" என்றாள்.

கடை நன்றாகவே நடந்தது. அதுதான் கொடுமை. இரண்டாயிரத்து எட்டில் மூன்று பெண்கள் அவளிடம் வேலை பார்த்தார்கள். களம்பூரிலிருந்தும் பெரணமல்லூரிலிருந்தும்கூட டிசைன் கேட்டு வந்தார்கள். ஸ்கேனரைத் தொடும்போதெல்லாம் அவளுக்கு ஒரு கணம் சுருக்கென்று இருக்கும். பிறகு வேலை இழுத்துக்கொள்ளும்.

ஏலத் தளத்தை அவள் ஒரேயடியாக விட்டுவிடவில்லை. வாங்குவதை நிறுத்தினாள். யாராவது தெரியாமல் குறைத்துப் போட்டிருந்தால், இது இன்ன நாட்டுத் துணி, விலை விசாரித்துவிட்டு விற்கவும் என்று எழுதினாள். ஐந்தாறு பேருக்கு எழுதியிருப்பாள். இரண்டு பேர் பதிலே போடவில்லை. ஒரு ஆள், இவள் ஏதோ மோசடிக்காரி என்று தளத்துக்குப் புகார் கொடுத்தான். ஒருத்தி நன்றி என்று ஒரு சொல் எழுதிவிட்டு விலையைப் பத்து மடங்கு ஏற்றிக்கொண்டாள். தனசேகரனின் கணக்கு முடங்கிவிடும் போல் ஆகவே, அவன் சண்டைக்கு வந்தான். அதையும் நிறுத்திவிட்டாள். அதனால் மனசு லேசாயிற்றா என்று கேட்டால், இல்லை.

அந்த வருஷம் ஐப்பசியில் ஒரு நாள் தபால்காரர் சின்னதுரை கரண்ட் ஆபீஸ் நோட்டீஸ் ஒன்றைக் கொடுக்கக் கடை வாசலில் சைக்கிளை நிறுத்தினார். ரிட்டையர் ஆக இன்னும் இரண்டு மாதம்தான் இருந்தது அவருக்கு. நோட்டீஸை நீட்டிவிட்டுக் கேட்டார்.

"ராணி தல ஸ்டாம்பு போட்ட லெட்டர் இப்பல்லாம் வர்றதே இல்லியே மா? என் பேரனுக்கு அந்த ஸ்டாம்ப கேக்கலாம்னு நெனச்சிகினு இருந்தேன்."

"அவங்க எழுதறது இல்லைங்க."

"ஏன், வயசானவங்களா? ஒடம்பு கிடம்பு…"

ஆமாம் என்று தலையாட்டினால் போதும். அவர் ஐயோ பாவம் என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். லதா தலையாட்டவில்லை.

"ஒடம்பெல்லாம் நல்லாத்தான் இருக்கும். நான் அவங்கள ஏமாத்திட்டேன். அது தெரிஞ்சி நிறுத்திட்டாங்க."

உள்ளே வேலை செய்துகொண்டிருந்த மூன்று பெண்களும் நிமிர்ந்து பார்த்தார்கள். சின்னதுரைக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. தபால் பையைத் தோளில் சரி செய்துகொண்டு, "சரிம்மா… சரிம்மா" என்றார். பெல் அடிக்காமல் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார்.

லதா உள்ளே போய் நோட்டீஸில் தேதி பார்த்தாள். வெள்ளிக்கிழமைக்குள் பணம் கட்ட வேண்டும்.